பெரிய கம்பெனிப் பெயரா, கூடுதல் சம்பளமா? கடலூர், புதுச்சேரி சேல்ஸ்காரர்களுக்கு ஒரு கணக்கு

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டிலோ புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலோ புதிதாக ஒரு சேல்ஸ்மேன் கடைக்குள் நுழைந்தால், கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "எந்தக் கம்பெனி?" என்பதுதான். ஆளின் பெயரைப் பிறகுதான் கேட்பார். டிவியில் விளம்பரம் வரும் கம்பெனி என்றால் ஆர்டர் நோட்டை எடுக்கச் சொல்வார். கேள்விப்படாத பெயர் என்றால் "அப்புறம் வாங்க" என்பார். இதைப் பார்த்துப் பழகியவர்கள் பெரிய பெயரை விட்டுப் போக அஞ்சுகிறார்கள். வேறு சிலர் ஆஃபர் லெட்டரில் உள்ள சிடிசி (கம்பெனி நமக்காகச் செய்யும் மொத்த ஆண்டுச் செலவு) எண்ணைப் பார்த்த மறுநாளே பேப்பர் போட்டு, ராஜினாமா செய்துவிடுகிறார்கள். இரண்டு பேருமே கணக்குப் போடவில்லை.

பெயரையும் பணத்தையும் எதிரெதிராக நிறுத்துவதே பாதி தவறு. பெயரின் மதிப்பையும் ரூபாயில் எழுத முடியும். சம்பளத்தில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஆசை காட்டல் என்பதையும் பிரித்துவிட முடியும். நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இன்சென்டிவ் (டார்கெட் அடித்தால் வரும் ஊக்கத்தொகை) ஒரு ரூபாய்கூட வராத மாதத்தில், வண்டிச் செலவும் போக, கையில் எவ்வளவு நிற்கும்? அந்தத் தொகையை வைத்துத்தான் இரண்டு வேலைகளையும் ஒப்பிட வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். முதல் வேலை, எல்லோருக்கும் தெரிந்த பெரிய கம்பெனி. சேல்ஸ் ஆபீசர் பதவி, சிடிசி 5,40,000. இரண்டாவது, வளர்ந்துவரும் சிறிய கம்பெனி. அதே பதவி, சிடிசி 7,20,000. மேலோட்டமாகப் பார்த்தால் மாதம் 15,000 கூடுதல்.

முதலாவதில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், மாதம் 20,000. முதலாளி பங்கு பிஎஃப் 12 விழுக்காடு, மாதம் 2,400. கிராஜுவிட்டிக்காக (பணிக்கொடை) பேசிக்கில் 4.81 விழுக்காடு, 962 ரூபாய். இன்சூரன்ஸுக்கு ஆண்டுக்கு 8,000, இன்சென்டிவுக்கு ஆண்டுக்கு 60,000. இவையெல்லாம் சிடிசிக்குள் உட்கார்ந்திருக்கும். மீதி மற்ற படிகள், மாதம் சுமார் 15,970. ஆக மாதச் சம்பளம் 35,970. இதில் நம் பங்கு பிஎஃப் 2,400, தொழில் வரி மாதத்துக்குச் சுமார் 200 போனால் கையில் 33,400. வண்டிச் செலவும் டிஏவும் (வெளியே சுற்றும் நாளுக்கான தினப்படி) தனி, பில் போட்டால் வரும்.

இரண்டாவதில் பேசிக் 15,000. பிஎஃப் 1,800, கிராஜுவிட்டி 721. இன்சென்டிவ் ஆண்டுக்கு 2,40,000, அதாவது சிடிசியில் மூன்றில் ஒரு பங்கு. ஓராண்டு முடித்தால் மட்டும் தரும் தொகை 36,000. வாகனப் படி மாதம் 5,000, அதையும் சிடிசிக்குள்ளேயே சேர்த்திருக்கிறார்கள். மற்ற படிகள் சுமார் 14,480. மாதச் சம்பளம் 29,480. பிஎஃபும் தொழில் வரியும் போக 27,500. வண்டியை மாதம் 24 நாள், நாளுக்கு 80 கிலோமீட்டர் ஓட்டினால் 1,920 கிலோமீட்டர். பெட்ரோல், சர்வீஸ், டயர், தேய்மானம் எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வைத்தால் 6,720. படியாக வருவது 5,000 மட்டும். மீதி 1,720 நம் பையிலிருந்து போகிறது. கையில் நிற்பது 25,800.

7.2 லட்சம் வேலை, இன்சென்டிவ் வராத மாதத்தில் 5.4 லட்சம் வேலையைவிட 7,600 ரூபாய் குறைவாகத் தருகிறது. டார்கெட் முழுதாக அடித்த மாதத்தில் முதலாவது 38,400, இரண்டாவது 45,800. இரண்டிலும் ஒரே எண்ணிக்கை மாதங்கள் டார்கெட் அடிக்கிறீர்கள் என்று வைத்தால், இரண்டாவது வேலை லாபமாக மாற ஆண்டில் ஏழு மாதமாவது அடித்தாக வேண்டும். ஓராண்டுத் தொகை 36,000 நிச்சயம் கைக்கு வரும் என்று நம்பினால் நான்கு மாதம் போதும். வருமான வரியை இந்தக் கணக்கில் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் 12.75 லட்சம் வரை சம்பளக்காரருக்கு வரி இல்லை.

பேச்சுவார்த்தையில் மேலாளர் "எல்லாரும் நூறு பர்சன்ட் எடுக்கறாங்க" என்பார். இன்சென்டிவ் ஸ்லாப் எங்கே தொடங்குகிறது என்று கேளுங்கள். 90 விழுக்காட்டுக்குக் கீழே பூஜ்யம் என்று இருந்தால், 88 அடித்த மாதமும் ஒன்றும் அடிக்காத மாதமும் ஒன்றுதான். மாதக் கணக்கா, காலாண்டுக் கணக்கா என்பதும் முக்கியம். காலாண்டு என்றால் இரண்டு நல்ல மாதங்களை ஒரு மழை மாதம் சாப்பிட்டுவிடும்.

மழையைச் சொன்னது சும்மா அல்ல. நம் ஏரியாவின் ஆண்டு ஓட்டத்தைப் பார்க்காமல் டார்கெட்டைப் பற்றிப் பேசவே கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புயல் வராத ஆண்டிலும் அந்த மூன்று மாதத்தில் பெயிண்ட், பைப், சிமென்ட் சார்ந்த விற்பனை சுருங்கும். தீபாவளியை வைத்துத் துணியும் வீட்டு உபயோகப் பொருளும் தப்பிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தேவனாம்பட்டினம், தாழங்குடா, பரங்கிப்பேட்டை, வீராம்பட்டினம் பக்கத்துக் கடைகளில் அப்போது ரொக்கம் புரளாது. கடன் நோட்டு தடிக்கும். அதே கோடையில் பண்ருட்டியில் முந்திரியும் பலாவும் பணம் கொண்டுவரும். எந்த பீட் (சுற்ற வேண்டிய கடைகளின் வழித்தடம்) உங்களுக்கு என்பதைப் பொறுத்து ஒரே டார்கெட் எட்டக்கூடியதாகவும் இருக்கும், எட்டாததாகவும் இருக்கும். சென்னையில் உட்கார்ந்து பன்னிரண்டால் வகுத்துப் போட்ட டார்கெட் என்றால், அக்டோபரில் வேலைக்குச் சேர்பவர் முதல் காலாண்டிலேயே சறுக்குவார். சேரும் மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஜனவரி பொங்கல் சமயம் நல்லது.

எல்லைப் பிரச்சினையையும் கேட்டுவிடுங்கள். புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம். ஜிஎஸ்டி மாநிலக் குறியீடு 34, தமிழ்நாட்டுக்கு 33. அதனால் கம்பெனியிடம் மொத்தமாக வாங்கிக் கடைகளுக்குக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்களைப் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் போடுகிறார்கள். இரண்டு பக்கமும் வரி ஒன்றானாலும் ஸ்கீம் (விற்பனைக்காகத் தரும் சலுகை) ஒன்றாக இருப்பதில்லை. புதுச்சேரிக்குக் கூடுதல் ஸ்கீம் கொடுத்த மாதம், சரக்கு பாகூர் வழியாகக் கடலூர் கடைகளுக்கு வந்துவிடும். கடலூர் சேல்ஸ்மேனின் டார்கெட் அவர் கண் முன்னாலேயே வேறொருவர் கணக்கில் ஏறும். இதைத் தடுக்கக் கம்பெனியில் யார் பொறுப்பு, பேட்ச் நம்பர் பார்த்துப் பிடிக்கிறார்களா என்று கேட்டால் மேலாளரின் பதிலிலேயே கம்பெனியின் தரம் தெரியும். இன்னொன்று, "புதுச்சேரி டெரிட்டரி" என்று லெட்டரில் இருந்தால் காரைக்காலும் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள். அது 130 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. மாதம் நான்கு நாள் அங்கே தங்க வேண்டும் என்றால் தங்கும் செலவு யாருடையது?

மருந்துக் கம்பெனியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கூர்மையான விஷயம். தலைமையிடம் புதுச்சேரி, கடலூர் எக்ஸ்-ஸ்டேஷன் (போய் அன்றே திரும்பும் ஊர்), விருத்தாசலம் அவுட்ஸ்டேஷன் (தங்கி வேலை பார்க்கும் ஊர்) என்று இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் டிஏ வேறு. புதிய கம்பெனி கடலூரையும் தலைமையிடத்தோடு சேர்த்துவிட்டால், அதே ரோட்டில் அதே வண்டியை ஓட்டிக்கொண்டு மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் இழப்பீர்கள். சிடிசியில் இது எங்கும் தெரியாது.

இப்போது, புதிய வேலையைக் கெடுக்கும் மிகப் பெரிய கண்ணிக்கு வருகிறேன்: டிஸ்ட்ரிபியூட்டர் கோடவுனில் தேங்கிக் கிடக்கும் சரக்கு. உங்களுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர், மாதக் கடைசியில் பிரைமரி (கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்கு விற்ற கணக்கு) எண்ணை நிரப்ப, டிஸ்ட்ரிபியூட்டர் தலையில் சரக்கைக் கட்டியிருப்பார். கடைகளுக்குப் போகும் செகண்டரி மாதம் 8 லட்சம் என்று வைப்போம். கோடவுனில் 14 லட்சத்துக்குச் சரக்கு இருந்தால் அது 52 நாள் ஸ்டாக். 20 நாள் ஸ்டாக் போதும், அது 5.3 லட்சம். மீதி 8.7 லட்சம் கூடுதல் சுமை. அதாவது நீங்கள் சேர்ந்த முதல் மாதம் எவ்வளவு உழைத்துக் கடைகளுக்கு விற்றாலும் டிஸ்ட்ரிபியூட்டர் புதிதாக ஒரு பெட்டி வாங்க வேண்டியதில்லை. உங்கள் டார்கெட் பிரைமரியில் இருந்தால் முதல் மாதம் பூஜ்யம், இரண்டாவது மாதமும் தள்ளாடும். மூன்றாவது மாதம் "பெர்ஃபார்மன்ஸ் சரியில்லை" என்று மெயில் வரும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். அந்த ஏரியாவில் பத்துக் கடைக்குப் போய், அலமாரியில் இருக்கும் சரக்கின் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். ஆறு மாதம் பழைய சரக்கு முன்வரிசையில் இருந்தால் சுழற்சி இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரைச் சந்தித்து, கிளெயிம் (கம்பெனி அவருக்குத் திருப்பித் தர வேண்டிய தொகை) எத்தனை மாதமாக நிற்கிறது என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவரே கொட்டிவிடுவார். இந்த ஏரியாவில் மூன்று ஆண்டில் எத்தனை பேர் மாறினார்கள் என்பதும் அவருக்கு விரல் நுனியில் இருக்கும். மூன்று ஆண்டில் நான்கு பேர் என்றால் குறை ஆட்களிடம் இல்லை.

கிளெயிம் விஷயத்தை நான் சம்பளத்துக்குச் சமமாக வைக்கிறேன். ஸ்கீம் தொகை, எக்ஸ்பைரி, டேமேஜ் ஆகியவற்றை ஒழுங்கான கம்பெனி முப்பது, நாற்பத்தைந்து நாளில் முடித்துவிடும். ஒழுங்கில்லாத கம்பெனியில் ஆறு மாதம் இழுக்கும். டிஸ்ட்ரிபியூட்டரிடம் "நான் வாங்கித் தர்றேன் அண்ணாச்சி" என்று வாக்குக் கொடுத்தவர் நீங்கள். திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, வில்லியனூர் என்று சுற்றினாலும் இது சிறிய உலகம். ஸ்டாக்கிஸ்ட்டுகளுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு இருக்கிறது. ஓரிடத்தில் கெட்ட வாக்கு அடுத்த வாரம் எல்லா இடத்திலும் தெரியும். கம்பெனியின் பெயர், சம்பளம் என்ற இரண்டோடு மூன்றாவதாக உங்கள் சொந்தப் பெயர் ஒன்று மார்க்கெட்டில் இருக்கிறது. அடுத்த கம்பெனியில் சேர்ந்ததும் முதல் ஆர்டரைத் தருவது அதுதான். அதைச் செலவழிக்கும் கம்பெனி மாதம் இருபதாயிரம் கூடுதலாகக் கொடுத்தாலும் எனக்கு அது நஷ்டக் கணக்கு.

சரி, பெரிய பெயர் உண்மையில் என்ன தருகிறது? அடுத்த வேலைக்கு ரெஸ்யூமே வடிகட்டும்போது அழைப்பு வரும். சில வங்கிகள் கம்பெனிகளைத் தரம் பிரித்து வைத்திருப்பதால் தனிநபர் கடன் சுலபமாகவும் கொஞ்சம் குறைந்த வட்டியிலும் கிடைக்கும். கல்யாணப் பேச்சில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. நம் ஊரில் இதைச் சின்ன விஷயம் என்று நான் ஒதுக்க மாட்டேன். எல்லாவற்றையும்விட, வேலைமுறை கற்றுக்கொள்ளலாம்: பீட் பிளான் போடுவது, டிஸ்ட்ரிபியூட்டருக்கு அவர் போட்ட முதலுக்கு என்ன வருமானம் என்று கணக்குக் காட்டுவது, கடையில் எத்தனை அயிட்டம் நிற்கிறது என்று அளப்பது. இவற்றை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கும் சிறிய கம்பெனிகள் குறைவு.

ஆனால் இந்தப் பெயர் வளர்ந்துகொண்டே போவதில்லை. முதல் இரண்டு மூன்று ஆண்டில் வேகமாக ஏறும், பிறகு நின்றுவிடும். விளம்பரம் இழுத்துக் கொண்டுவரும் சரக்குக்கு ஆறு ஆண்டு ஆர்டர் எழுதியவரிடம், இன்டர்வியூ எடுப்பவர் "நீங்க வித்தீங்களா, எழுதினீங்களா?" என்று கேட்பார். அதற்குப் பதில் எண்ணாக இருக்க வேண்டும். புதிதாகத் திறந்த கடைகள் எத்தனை, மாற்றிப் போட்ட டிஸ்ட்ரிபியூட்டர் யார், எந்த அயிட்டம் எத்தனை கடையிலிருந்து எத்தனை கடைக்குப் போனது. இவற்றை மாதாமாதம் உங்கள் சொந்த நோட்டில் எழுதி வையுங்கள். கம்பெனியின் ஆப்பில் இருக்கும் தரவு, விலகும் நாளில் உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

அதோடு, ஐடி கார்டில் பெரிய பெயர் இருப்பதாலேயே அது உங்களுடையது ஆகிவிடாது. பே ஸ்லிப்பில் வேறு ஏஜென்சி பெயர் இருந்தால் நீங்கள் ஆஃப்-ரோல், கம்பெனியின் நேரடி ஊழியர் அல்ல. அனுபவச் சான்று ஏஜென்சியிடமிருந்துதான் வரும். பிஎஃப் யுஏஎன் (உறுப்பினர் எண்) வரலாற்றிலும் அதன் பெயர்தான் பதியும். அடுத்த கம்பெனி சரிபார்க்கும்போது தெரிவதும் அதுவே. ஆஃப்-ரோலில் பெரிய பெயருக்காகக் குறைந்த சம்பளத்துக்கு இருப்பது எனக்கு எந்தக் கணக்கிலும் பொருந்தவில்லை. எத்தனை மாதத்தில் ஆன்-ரோலுக்கு எடுப்பார்கள், போன ஆண்டு இந்தக் கிளையில் எத்தனை பேரை எடுத்தார்கள் என்று கேட்டு, தெளிவான பதில் இல்லையென்றால் சிறிய கம்பெனியின் ஆன்-ரோல் வேலைக்குப் போவதே மேல்.

என் கணிப்பை வெளிப்படையாகச் சொல்கிறேன். அனுபவம் மூன்று ஆண்டுக்குள் என்றால், இன்சென்டிவ் இல்லாமல் கையில் நிற்கும் தொகை 30 விழுக்காடாவது கூடாதவரை பெரிய பெயரை விடாதீர்கள். நான்கு முதல் எட்டு ஆண்டு என்றால் பெயரின் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. 15, 20 விழுக்காடு கூடுதலும், ஆட்களை மேய்க்கும் பதவியும் கிடைத்தால் நகரலாம். அதற்கு மேல் அனுபவம் உள்ளவருக்கு, யாரிடம் ரிப்போர்ட் செய்கிறோம் என்பது இரண்டையும் விட முக்கியம். வீட்டில் ஒரே சம்பளம், வீட்டுக்கடன் ஓடுகிறது என்றால், எந்த வயதிலும் நிலையான சம்பளம் அதிகம் உள்ள பக்கமே நில்லுங்கள்.

சிறிய கம்பெனியை எடை போட வழி இருக்கிறது. பிஎஃப் அமைப்பின் இணையதளத்தில் நிறுவனத் தேடல் பகுதியில் பெயரைப் போட்டால், மாதாமாதம் எத்தனை பேருக்குப் பணம் கட்டினார்கள், எந்தத் தேதியில் கட்டினார்கள் என்று வரும். கட்ட வேண்டிய நாள் அடுத்த மாதம் 15ஆம் தேதி. இரண்டு மூன்று மாதம் தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தால் சம்பளமும் அப்படித்தான் வரும். ஆட்கள் எண்ணிக்கை மாதாமாதம் சரிந்துகொண்டே வந்தாலும் யோசியுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் ரிட்டர்ன் தாக்கல் தேதிகளையும் பார்க்கலாம்.

பேரம் பேசும்போது சிடிசியைக் கூட்டச் சொல்லிக் கேட்பதைவிட, உள்ளே இருப்பதை இடம் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மேலே சொன்ன இரண்டாவது வேலையில் இன்சென்டிவ் 2,40,000ல் 72,000த்தை நிலையான சம்பளத்துக்கு மாற்றினால் மாதம் 6,000 ஏறும். கம்பெனியின் மொத்தச் செலவு அநேகமாக மாறாது. முதல் மூன்று மாதம் இன்சென்டிவ் முழுதாக உறுதி என்று எழுதி வாங்குங்கள். கோடவுன் ஸ்டாக்கைக் காட்டிக் கேட்டால் மறுப்பது கஷ்டம். வண்டிச் செலவு கிலோமீட்டர் கணக்கில், சிடிசிக்கு வெளியே. இவை ஆஃபர் லெட்டரில் இல்லாமல் போனில் சொன்ன வாக்காக இருந்தால், அந்த மேலாளர் மாறிய அன்றே காற்றில் போய்விடும்.

விலகும் தேதியிலும் பணம் இருக்கிறது. பல கம்பெனிகளில் இன்சென்டிவ் பட்டுவாடா நாளன்று பணியில் இருந்தால்தான் அது கிடைக்கும், சிலவற்றில் நோட்டீஸில் இருந்தாலே கிடைக்காது. அதனால் காலாண்டுத் தொகை கணக்கில் ஏறிய பிறகு பேப்பர் போடுங்கள். நான்கரை ஆண்டு முடித்தவராக இருந்தால் கிராஜுவிட்டியைப் பாருங்கள்: பேசிக் 20,000ஐ 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, ஐந்து ஆண்டால் பெருக்கினால் 57,692 ரூபாய். ஆறு மாதம் பொறுத்து ஐந்து ஆண்டை நிறைத்தால் கிடைக்கும் தொகை அது. "விலகினால் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது" என்ற வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி வேலையை விட்ட பிறகான அப்படிப்பட்ட தடை பொதுவாகச் செல்லாது. பயிற்சிச் செலவுக்கான பாண்ட் வேறு விஷயம். நியாயமான தொகையைக் கேட்க அவர்களுக்கு வழி உண்டு, எழுதியிருப்பதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

நோட்டீஸ் காலத்தில் ஒவ்வொரு டிஸ்ட்ரிபியூட்டரிடமும் போய், அன்றைய தேதியில் நிலுவை எவ்வளவு, நிற்கும் கிளெயிம் எவ்வளவு, கோடவுனில் ஸ்டாக் எவ்வளவு என்று எழுதி, கடை முத்திரையோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள். அதை மேலாளருக்கு மெயிலில் அனுப்பிப் பதில் வாங்கி வையுங்கள். இதைச் செய்யாதவர்களுக்குத்தான் கடைசி செட்டில்மென்டில், யாரோ கட்டாத 40,000 ரூபாய் பிடித்தமாக வருகிறது. அப்போது காட்ட அவர்கள் கையில் ஒரு தாள்கூட இருப்பதில்லை.